ராட்டினம் என் பாடு

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பேரன் பிறக்கவில்லையே தவிர, மற்ற எல்லா வகையிலும் தாத்தாதான். அப்படிப்பட்ட என்னை ஒரு மரக் குதிரையிலிருந்து கீழே இறக்க, இறால் உரித்துக்கொண்டிருந்த நான்கு பெண்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து வர வேண்டியதாயிற்று. கை கழுவிக்கொண்டுதான் வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். கழுவவில்லை என்பது, திரும்பும்போது பொன்னேரி பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் எழுந்து போய் நின்றுகொண்டபோதுதான் தெரிந்தது.

இந்தப் பத்தியில் போன வாரம் நான் எழுதிய நண்டுக் கதையைப் படித்துவிட்டு, ‘இதற்கு மேல் ஒரு மனிதர் தன்னைத் தானே அசிங்கப்படுத்திக்கொள்ள முடியாது’ என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருக்கு இந்த வாரம் சமர்ப்பணம்.

இடம், பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள கோட்டைக்குப்பம். ஒரு தகரக் கொட்டாய்க்குள் பிரித்துப் போட்டிருந்த குதிரை ராட்டினம். ஆடி பிறக்கச் சில நாட்கள் இருந்தன. ராட்டினத்துக் குதிரைகளில் ஒன்றுக்கு மட்டும் முதுகைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் உண்டு. சின்ன வயதில் என் குதிரை அதுதான். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஏறி, வளையத்துக்குள் உட்கார்ந்தேன். உள்ளே போகும்போது ஒரு சிரமமும் இல்லை. நினைவுகளுக்குள் போவதும் அப்படித்தான்.

“மூச்ச வெளிய வுடு தம்பி” என்றார் தேசம்மா.

விட்டேன்.

“இன்னும் வுடு.”

“இதுக்கு மேல விட்டா உயிர்தான்க்கா போகும்.”

“அதுக்கு முன்னாடி வவுறு போவட்டும்.”

அந்த நான்கு பேருக்கும் பக்கத்தில் நின்று உத்தரவு போட்ட தேசம்மா, ராட்டினக்காரர் எத்திராஜின் மனைவி. எத்திராஜுக்கு எழுபது வயது. இரண்டு முட்டிகளும் தேய்ந்துபோய், வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தபடியே, “அச்சுக்கு வெச்ச கிரீஸு டப்பாவுல கீது பாரு, அத்த தடவு” என்றார்.

ராட்டினத்தின் அச்சுக்கான கிரீஸ் எனக்குப் பூசப்பட்டது. இரண்டு பேர் என்னை இழுத்தார்கள், இரண்டு பேர் குதிரையை இழுத்தார்கள். வெளியே வந்ததும் என்னோடு பேண்ட்டும் வந்ததா என்று முதலில் பார்த்துக்கொண்டேன். பெரும்பாலும் வந்திருந்தது.

கொட்டாய் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடி என்னவோ மேடை மாதிரி இருந்தது. அதன்மேல் என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான், இந்த ராட்டினத்தை நான் காப்பாற்றப் போகிறேன் என்று அறிவித்தேன்.

“மொதல்ல அதுங்கிட்டேருந்து ஒன்ன காப்பாத்தறதே பேஜாரா பூடிச்சி” என்றார் தேசம்மா.

படகுக் கண்ணுள்ள குதிரை

அப்பாவுக்குப் பழவேற்காடு தபால் ஆபீசில் வேலை. ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப்பம் திருவிழாவுக்கு என்னை நடத்தியே கூட்டிப் போவார். கூழ், வேப்பிலை, பம்பைச் சத்தம் எல்லாவற்றையும் தாண்டி ராட்டினம் நிற்கும்.

அதைச் செய்தவர் படகு கட்டும் ஆசாரி. அவர் தம் வாழ்நாளில் குதிரையை அருகில் பார்த்ததில்லை என்று சொல்வார்கள். சொல்லவே வேண்டாம், குதிரையைப் பார்த்தாலே தெரியும். மார்பு படகின் முகப்பு மாதிரி கூராக வரும். கண், படகுக்கு எழுதுவது போலப் பக்கவாட்டில் பெரிதாக. வால் இருக்க வேண்டிய இடத்தில் சுக்கான் பொருத்துவதற்கு ஏற்ற மாதிரி ஒரு தட்டைப் பலகை. ஏரியில் தள்ளிவிட்டிருந்தால் ஆறு குதிரையும் ஒழுங்காக மிதந்திருக்கும்.

எட்டுக் கை. ஆறில் குதிரை, ஒன்றில் யானை. எட்டாவது கையிலிருந்த குதிரை என்றைக்கோ உடைந்துபோய், அதற்குப் பதில் ஆசாரி தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செதுக்கி மாட்டிவிட்டார். ஒரு மடவை மீன். செதில் செதிலாக, வாயைத் திறந்தபடி. குப்பத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மடவையில் ஏறத்தான் அடிதடி. தினமும் சோற்றில் பார்க்கிற மீன்மேல் சவாரி செய்வதில் ஏதோ ஒரு கணக்குத் தீர்த்த சந்தோஷம் இருந்திருக்க வேண்டும்.

எனக்கு வளையம் போட்ட குதிரை. மற்றவற்றுக்கு இல்லாமல் இதற்கு மட்டும் வளையம் இருந்ததால், அரச குலத்துக் குதிரை என்று முடிவு செய்திருந்தேன். இந்த முடிவை நாற்பத்தைந்து வருடங்களாக மறுபரிசீலனை செய்யவில்லை.

ராட்டினம் கிளம்பியதும் கண்ணை இறுக மூடிக்கொள்வேன். ஆகவே எனக்கு ராட்டினத்தின் நினைவு என்பது பெரும்பாலும் சத்தம்தான். டப்… டப்… டப்… என்று சீராக ஒரு சத்தம். ஈர மணலில் ஓடும் காலடிச் சத்தம். ஒரே ஒரு முறை, அதுவும் முதல் வருடமோ இரண்டாம் வருடமோ, துணிந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். வாலிப எத்திராஜ், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் குதிரையின் கழுத்தைப் பிடித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தார். வேர்வை மினுங்கியது. எட்டுப் பிள்ளைகளையும் ஒற்றை ஆளாகத் தள்ளிக்கொண்டு ஒரு மனிதர். திரும்ப மூடிக்கொண்டேன். பார்த்தது போதும், ஒரு ஆயுளுக்கு.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னைக்கு வெளியே உள்ள பெரிய பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றுக்கு மைத்துனர் குடும்பத்தோடு போயிருக்கிறேன். மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உலுக்கும் யந்திரம் ஒன்று அங்கே இருந்தது. அடுத்த வருடம் போனபோது அதைக் காணோம். பழசாகிவிட்டதாம், எடுத்துவிட்டார்களாம். அதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை. நானும் விடவில்லை. அதில் நான் விட்டது வேறு.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைக்கு வேலி உண்டு, பலகை உண்டு, வெளியூரிலிருந்து வந்து படம் எடுக்கிறவர்கள் உண்டு. கடைசியாகச் சிரித்து எத்தனையோ காலமானவர்களுக்கு இவ்வளவு மரியாதை என்றால், இத்தனை பிள்ளைகளைச் சிரிக்கவைத்த மடவைக்கு ஒரு பலகைகூட இல்லையே என்று தோன்றியது. இந்த மாதிரி எண்ணங்கள் வரும்போது வீட்டிலேயே படுத்திருப்பது உத்தமம். நான் பஸ் ஏறினேன்.

கூரை யாருக்கு

விஷயம் இதுதான். ஊரடங்கு போட்ட நோய்க்காலத்தில் நின்ற ராட்டினம் அதற்குப் பிறகு சுற்றவில்லை. திருவிழாவுக்கு இப்போது பொன்னேரியிலிருந்து காற்றடித்த பலூன் கோட்டை வருகிறது. ராட்டினம் கொட்டாயை அடைத்துக்கொண்டு கிடக்க, தேசம்மாவும் மற்றப் பெண்களும் வெளியே வெயிலில் உட்கார்ந்து இறால் உரித்தார்கள். மழை வந்தால் கூடையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓட்டம்.

“குதுரைங்க உள்ள நெழல்ல கீது. நாங்க வெளிய காயறோம்” என்றார் தேசம்மா. “இது இன்னா நாயம்னு நீயே சொல்லு.”

லைட்ஹவுஸ் குப்பத்தில் அவர் தம்பிக்கு ஃபைபர் படகு இருக்கிறது. ராட்டினத்தின் இரும்புக் கைகளை வெட்டினால் நாலைந்து நங்கூரம் அடிக்கலாம் என்று தம்பி கேட்டிருக்கிறார். கட்டர்காரனுக்குச் சொல்லியாயிற்று.

“எத்திராஜண்ணே, நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

“நான் இன்னா சொல்றது நைனா? வெயில்ல குந்தறது அவ.” இதைச் சொல்லும்போது அவர் தேசம்மாவைப் பார்க்கவில்லை. ராட்டினத்தையும் பார்க்கவில்லை. டப்பாவை வாங்கி, குதிரையின் வளையத்தில் நான் விட்டுச்சென்ற கிரீஸை விரலால் வழித்துத் திரும்ப அதில் போட்டுக்கொண்டிருந்தார்.

தேசம்மா அதைப் பார்த்தார். கையிலிருந்த இறாலை உரித்துக் கூடையில் போட்டார்.

“சரி. சபையில பேசு. ஆடி நாலாம் ஞாயிறு இது சுத்தினா, கோயில் பக்கத்துலயே நிக்கட்டும். கொட்டாய் எங்களுக்கு. சுத்தலன்னா திங்கக்கெழம கட்டர் வருது. அப்பவும் கொட்டாய் எங்களுக்கு.”

இதைவிடத் தெளிவான ஒப்பந்தத்தை நான் எங்கும் படித்ததில்லை.

சபையில் நான் ஆற்றிய உரை

வீட்டுக்கு வந்ததும் ‘ராட்டின மீட்புக் குழு’ என்று வாட்ஸப்பில் ஆரம்பித்தேன். நான்கு உறுப்பினர்கள். நான், என் மைத்துனர், தினமும் காலை வணக்கத்தோடு ரோஜாப்பூ அனுப்பும் ஒரு நண்பர், தவறான எண் என்பதால் சேர்ந்துவிட்டு நாகரிகம் கருதி விலகாமல் இருக்கும் ஒருவர். குழுவில் உருப்படியான கேள்வி கேட்டது அந்த நான்காமவர்தான். ‘ராட்டினத்துக்கு என்ன ஆச்சு?’

ஊர்ச் சபை கோயில் முன்னால் கூடியது. நான் உரையை எழுதி, மனைவியிடம் இரண்டு முறை படித்துக் காட்டியிருந்தேன். இரண்டாவது முறை அவள் எழுந்து போய்ப் பால் காய்ச்சினாள்.

ஊர்த் தலைவர் நல்ல மனிதர், சுருக்கமாகப் பேசுகிறவர். “பலூனுக்கும் எடம் கீது, ராட்டினத்துக்கும் எடம் கீது. நம்ம எத்திராஜு ராட்டினம். அதுக்கின்னா, இஞ்சின எடுத்து வெச்சி எப்பவும் போல…”

அவரை முடிக்க விடாமல் எழுந்தேன்.

“தலைவரே, தயவுசெய்து இஞ்சின் என்ற சொல்லை இங்கே எடுக்காதீர்கள்” என்றேன். மேடைக்கு வந்தால் எனக்குத் தமிழ் இப்படி ஆகிவிடும். “மனிதக் கைகள் தள்ளிய ராட்டினம் அது. ஒற்றை ஆளாக எத்திராஜண்ணன் தள்ளிக்கொண்டு ஓடிய அந்தக் காலடிச் சத்தம், டப் டப் டப் என்று இன்னும் என் காதில் கேட்கிறது. இஞ்சின் வைத்தால் அந்தச் சத்தம் செத்துப்போகும். கையால்தான் அது சுற்ற வேண்டும். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.”

கும்பிட்டேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. உரையில் அது எழுதப்பட்டிருக்கவில்லை, தானாக வந்தது.

தலைவர் எத்திராஜைப் பார்த்தார். எத்திராஜ் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். என் எழுத்து வாழ்க்கையில் இப்படியொரு விளைவை நான் பார்த்ததில்லை.

“சரிபா” என்றார் தலைவர், குரலைத் தாழ்த்தி. “கையாலயே ஆவட்டும். யாரு தள்றது?”

“அது என் பாடு” என்றேன். “உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?”

நான் குடியிருக்கும் பொன்னேரியில் இதற்கு அர்த்தம், இரண்டு ஆட்களைப் பிடித்துக்கொண்டு வருகிறேன் என்பது. நான் மறந்தது, நின்றுகொண்டிருந்த இடத்தை. ஏரியில் நல்ல இடம் கொஞ்சம், வலை அதிகம். அதனால் எந்த நாள், எந்த இடத்தில், யார் வலை கட்டுவது என்று குடும்பவாரியாக முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பெயர்தான் பாடு. சபையில் எழுந்து நின்று ஒருவன் ‘என் பாடு’ என்றால், அது அவனுடைய முறை. அவனே இறங்க வேண்டும்.

“எழுதிக்கோ” என்றார் தலைவர் பக்கத்திலிருந்தவரிடம். “ஆடி நாலாம் ஞாயிறு. ராட்டினம். போஸ்டாபீஸ் சாரு மவன் பாடு.”

“இல்ல தலைவரே, நான் ஆளுங்கள வெச்சு…”

“பாடுன்னா ஆள் வெச்சிக்கறது கெடயாது நைனா. ஒம் பாட்ட நீதான் பாக்கணும்.”

வீட்டுக்கு வந்து சொன்னேன். மாடிப்படியில் நான்கு இடத்தில் நின்று ஏறுகிறவர் என்று மனைவிக்கு என்னைப் பற்றி ஒரு கருத்து உண்டு. அதை மாற்றிக்கொள்ள அவள் எந்தக் காரணமும் காணவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை மட்டும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

மஞ்சள் தண்ணீர்

நாலாம் ஞாயிறு மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். கோயிலுக்குப் பக்கத்தில் ராட்டினத்தை நிறுத்தி, குதிரைகளுக்குப் படகுப் பெயிண்டில் கண் எழுதியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இறால் உரிக்கும் அந்த நான்கு பெண்களும் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கொண்டுவந்து என் காலில் ஊற்றினார்கள். தலையில் ஒரு மஞ்சள் துணியைக் கட்டினார்கள். நெற்றியில் குங்குமம்.

பழமையைக் காக்க வந்தவனை ஊர் கௌரவிக்கிறது என்று புரிந்துகொண்டேன். பத்திரிகையில் எழுத ஆரம்பித்து இத்தனை வருடத்தில் யாரும் காலில் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

“ஒடம்புக்கு இன்னா தம்பி?” என்று குங்குமம் வைத்த அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

“ரத்தக் கொதிப்பு இருக்கும்மா” என்றேன்.

அவர் புரிந்துகொண்டது போலத் தலையாட்டினார். “ஆத்தா பாத்துக்குவா.”

தள்ள ஆரம்பித்தேன். எட்டுப் பிள்ளைகள். முதலில் ராட்டினம் அசையவே இல்லை. பிறகு நான் அசைந்தேன். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அசைந்தோம்.

“நெஞ்சால முட்டாத நைனா, இடுப்ப குடு” என்று நாற்காலியிலிருந்து எத்திராஜ்.

கோயில் வந்தது. ஏரி வந்தது. பலூன் கோட்டை வந்தது. எத்திராஜ் வந்தார். மறுபடி கோயில். மூன்றாம் சுற்றில் எத்திராஜ் இரண்டு பேராக வந்தார். நான்காம் சுற்றில் ஏரி கோயிலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. காலடிச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டேன். கேட்டது என் மூச்சுதான்.

மடவைமேல் இருந்த ஒரு பெண் குழந்தை குனிந்து, “மாமா, இது போவுதா, நிக்குதா?” என்று கேட்டது. நியாயமான கேள்வி.

ஐந்தாம் சுற்றில் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். தலைவர் முகத்தைப் பார்த்தேன். தேசம்மா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார். திங்கட்கிழமையும் கட்டரும் என் கண்முன் வந்தன. நின்றுவிட்டால் நங்கூரம். நிற்காவிட்டால் நான்.

அப்போது அந்த நான்கு பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தார்கள்.

“ஆள் வெக்கக் கூடாதுன்னு…” என்று இழுத்தேன்.

“யாரு வெச்சது? நாங்களா வந்தோம். சாமி காரியம், தள்ளிக்கோ” என்றார் ஒருவர்.

உரிக்காத நேரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். அவர்கள் கை வைத்ததும் ராட்டினம் பறந்தது. மடவை பறந்தது. படகுக் கண் குதிரைகள் பறந்தன. வேடிக்கை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு சுற்று என்று இறங்கினார்கள். தலைவரும் வேட்டியை மடித்துக் கட்டினார். ஒன்றையும் மிகைப்படுத்தாமல் சொல்வதென்றால், பலூன் கோட்டையில் அப்போதும் கூட்டம் அதிகம்தான். ஆனால் ராட்டினம் பொழுது சாயும்வரை நிற்கவில்லை.

தேசம்மா ஃபோனை எடுத்துக் கட்டர்காரனிடம், “வராத” என்றார். அவ்வளவுதான். எத்திராஜ் எழுந்து நின்றார், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

அங்கேயே நின்றபடி சபை கூடி, ராட்டினத்தை இனிமேல் குடும்பத்துக்கு ஒரு வாரம் என்று பாடு முறையில் பார்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தது. நான் எழுதி வைத்திருந்த ஏழு பக்கத் திட்ட அறிக்கையை யாரும் கேட்கவில்லை.

தார்ப்பாய்

காலியான கொட்டாயில் போய், மூலையிலிருந்த அதே தார்ப்பாய் மேடைமேல் உட்கார்ந்தேன். எத்திராஜ் எதிரில். தேசம்மா டீ கொண்டுவந்தார். உடம்பில் வலிக்காத இடம் மஞ்சள் துணி கட்டிய இடம்தான். ஆனால் மனசு நிறைந்திருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன். அந்தக் காலத்துல ஒத்தை ஆளா நாளெல்லாம் எப்படித் தள்ளுனீங்க?”

“யாரு?”

“நீங்கதான்.”

“நான் எங்க தள்னேன்? எந்திரி.”

எழுந்தேன். அவர் தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு ஓர் இஞ்சின்.

“வயலுக்குத் தண்ணி எறைக்கற பம்புசெட் இஞ்சினு. எங்க நைனா வாங்கினது. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இதான். ஓட்டனா டப் டப் டப்புனு கேக்கும்.”

தார்ப்பாயை நானே முழுவதும் விலக்கிப் பார்த்தேன்.

“இத ஏண்ணே நீங்க சபையிலயே சொல்லல?”

“தலைவரு சொல்ல வந்தாரு. நீ கையெடுத்துக் கும்பிட்டு அழுத. சரி, ஒடம்புக்கு இன்னாவோ, ஆத்தாளுக்குக் கையாலயே தள்றேன்னு நேர்ந்துக்கினு கீறேன்னு நெனச்சோம். வேண்டுதல்ல பூந்து எவனாவது குறுக்கால பேசுவானா?”

காலில் மஞ்சள் தண்ணீரின் கறை இன்னும் போகவில்லை.

“ஆனா நான் பார்த்தேனேண்ணே. ஒரு கண்ணால. நீங்க என் குதிரையைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வந்தீங்க.”

“ஓடனேன். நீ ரெண்டு தரம் கீழ வுழுந்துட்ட.”

“எனக்கு ஞாபகமே இல்லையே.”

“தலகுப்புற வுழுந்தா எப்பிடி ஞாபகம் இருக்கும்? போஸ்டாபீஸ் சாருக்கு யாரு பதில் சொல்றதுன்னு, ஒங்கூடவே ஓட சொன்னாரு எங்க நைனா. அடுத்த வருசம் அந்த ஒரு குதுரைக்கு மட்டும் வளையம் போட்டுட்டாரு. எனக்கு ஓட்டம் மிச்சம்.”

அரச குலத்துக் குதிரையைத் திரும்பிப் பார்த்தேன். வாசலுக்கு வெளியே, புதுக் கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

தேசம்மா காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டே எத்திராஜிடம் சொன்னார்: “கட்டர்காரன வராதன்னு சொன்னது தப்பு. அந்த வளையத்த மட்டும் அறுத்துட்டுப் போவ சொல்லியிருக்கலாம். புள்ளைங்க எதுக்கும் அது வேணாம். வேணும்னு இருந்தது இவுரு ஒருத்தருக்குத்தான். இவுருக்கும் இப்ப பத்தல.”